பையில் ஒரு மடக்குக்கத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொட்டுநீர்க் குழாய் போடுவது என் தொழில். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை நாளில் மடக்குக்கத்தி இல்லாமல் நான் வேலைக்குக் கிளம்பியதாக ஞாபகம் இல்லை. அதை எடுத்து ஒரு குழாயை வெட்டினால் போதும், பக்கத்தில் நிற்கிறவர் கேட்கிற முதல் கேள்வி, "ஏனுங்க, இதை வெச்சிருந்தா போலீஸ் பிடிக்காதுங்களா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கும் அதன் பின்னால் வரிசையாக வருகிற மற்றவற்றுக்கும் எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. கத்தியோடு தினமும் வெளியே போய் வருகிறவன், அதற்காகச் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தவன்.

சின்ன மடக்குக்கத்தி வைத்திருப்பது குற்றமா?

குற்றம் இல்லை. ஆயுதங்களுக்கென்று நம் நாட்டில் இருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். எது ஆயுதம் என்று சொல்கிற இடத்திலேயே, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டும் என்று செய்யப்பட்ட பொருள்கள் ஆயுதம் ஆகாது என்று அது விலக்கிவிடுகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு விதிகளில் ஓர் அளவு கொடுத்திருக்கிறார்கள். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கிற கத்திகள் ஆயுதப் பட்டியலில் வரும். அங்கேயும் வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை வேலைகளுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு.

9 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 23 சென்டிமீட்டர். என் கத்தியின் அலகு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. நம் தோட்டங்களில் ஓலை வெட்டவும் முள் வெட்டவும் வைத்திருக்கிற கொடுவாள் அதைவிட எத்தனையோ பெரியது. அதற்கே யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை, காரணம் அது தோட்ட வேலைக்கான கருவி.

அப்படியானால் அளவுக்குள் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாமா?

இங்கேதான் நிறையப் பேர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள். அளவு என்பது பாதிதான். மீதிப் பாதி, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதற்காக வைத்திருக்கிறீர்கள், எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பது.

ஒரே கத்திதான். கருவிப் பையில் குழாய் ஜாயிண்டர், டெஃப்லான் டேப், பிளையர் இவற்றோடு கிடந்தால் அது வேலைச் சாமான். ராத்திரி பதினொரு மணிக்கு, டாஸ்மாக் வாசலில், ஒருவன் இடுப்பில் செருகியிருந்தால் அதைப் பார்க்கிற கண் வேறாகத்தான் இருக்கும். இருக்கவும் வேண்டும். குற்றம் நடக்கப் போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே கைது செய்யக் காவல்துறைக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 170ஆவது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. முன்பு 151 என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதுதான் இது. ஊரில் பதற்றம் என்றால் போடுகிற பழைய 144 தடை உத்தரவு 2024 ஜூலை 1 முதல் 163 ஆகிவிட்டது. அந்த உத்தரவு அமலில் இருக்கிற நாளில், அதில் ஆயுதம் பற்றி ஒரு வரி இருந்தால், உங்கள் கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விதி எதற்கு இருக்கிறதோ அதை மதித்து, கருவியையும் விடாமல் வைத்திருக்க முடியும் என்பது என் அனுபவம்.

எப்போதும் கையில் கத்தி வேண்டும் என்கிற அளவுக்கு அப்படி என்ன அவசரம் வந்துவிடப் போகிறது?

இதற்கு நான் நேரில் பார்த்ததையே சொல்கிறேன்.

ஊதியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் தென்னைக்குக் குழாய் போட்டுக்கொண்டிருந்தோம். மத்தியான நேரம். கட்டுத்தறிப் பக்கமிருந்து ஓர் ஆத்தா போட்ட சத்தம் கேட்டு ஓடினோம். வேப்பமரத்தில் கட்டியிருந்த கிடாரிக்கன்று மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கயிற்றைக் குறுக்கிவிட்டிருந்தது. முன்னங்கால் ஒன்று கயிற்றுக்குள் மாட்டி, அது காலை உதற உதறக் கழுத்துச் சுருக்கு இறுகிக்கொண்டே போனது. நாக்கு வெளியே தள்ளிவிட்டது. இரண்டு பேர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். நைலான் கயிறு, அதுவும் தண்ணீர்த் தொட்டியில் நனைந்தது. அந்தக் காலத்துத் தேங்காய்நார்க் கயிறாக இருந்திருந்தால் பிரி பிரியாக அறுந்திருக்கும், இல்லாவிட்டால் நெகிழ்ந்தாவது கொடுத்திருக்கும். நைலான் முடிச்சு இழுக்க இழுக்கக் கல்லாகிவிடும்.

கன்றின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் என் இரண்டு விரலை நுழைத்தேன். அந்த இடைவெளியில் கத்தியை விட்டு, முதுகுப்பக்கம் கழுத்தைப் பார்க்க, கூர்ப்பக்கம் வெளியே பார்க்கத் திருப்பி, என்னை நோக்கி வராமல் பக்கவாட்டில் மூன்று இழுப்பு இழுத்தேன். கயிறு பட்டென்று விட்டது. கன்று சாய்ந்து படுத்துவிட்டது. கொஞ்ச நேரம் அதன் விலாவையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம் விலா ஏறி இறங்க ஆரம்பித்தது. ஆத்தா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கத்தியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இத்தனூண்டு கத்தியா சாமி?" என்று கேட்டது.

வீட்டுக்குள் அரிவாள்மனை இருந்தது. சாளையில், அதாவது தோட்டத்துக் குடிசையில், கொடுவாள் இருந்தது. போய் எடுத்துவர இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடம் அன்றைக்கு இல்லை. வீட்டில் எத்தனை கத்தி இருந்தாலும் பாக்கெட்டில் ஒன்று வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, நம் ரோடுகளில் அடிக்கடி நடப்பது. பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிற பெண்களின் சேலை முந்தானை, இல்லையென்றால் துப்பட்டா, சக்கரத்திலோ செயினிலோ சிக்கிக்கொள்கிறது. பின்சக்கரத்தில் பாதியையாவது மூடுகிற தடுப்பு கட்டாயம் என்று மோட்டார் வாகன விதியே இருக்கிறது. அழகுக்காக அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். சிக்கிவிட்டால் முதல் வேலை எஞ்ஜினை அணைப்பது. இரண்டாவது, வண்டியை முன்னே பின்னே உருட்டாமல் பிடித்துக்கொள்வது. உருட்டினால் இன்னும் சுற்றும். கழுத்தில் இறுக்கம் இருந்தால் துணியை இருவர் சேர்ந்து ஆளை நோக்கித் தளர்த்திப் பிடிக்க வேண்டும். வெட்டுவது சக்கரத்துப் பக்கம், கழுத்துப் பக்கம் கத்தியே போகக் கூடாது. விலை உயர்ந்த பட்டாயிற்றே என்று யோசிக்கிற நேரம் அது இல்லை.

மற்றபடி தினசரி அவசரங்கள் ரொம்பச் சாதாரணமானவை. செடி வரிசையோடு ஓடுகிற 16 மில்லிமீட்டர் லேட்டரல் குழாயை அணிலோ எலியோ கடித்துவிடும். தண்ணீர் பீச்சி அடிக்கும், பக்கத்து வரிசைக்கு அழுத்தம் போகாது. கடித்த இடத்துக்கு இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் விட்டு நேராக வெட்டி ஜாயிண்டர் போட்டால் முடிந்தது. நேராக என்பதை அழுத்திச் சொல்கிறேன். பல்லால் கடித்தோ மொண்ணைக் கத்தியால் அறுத்தோ சாய்வாக வெட்டினால் எத்தனை ஜாயிண்டர் போட்டாலும் ஒழுகும். அப்புறம் மஞ்சள் மூட்டை பிரிப்பது, தட்டுப்போர் கட்டின கயிறு, வேலிக்கம்பியில் மாட்டின ஆட்டின் மயிர், காலில் தைத்த வெள்வேல முள், பார்சல் டேப். ஒரு நாளில் பத்து தடவை எடுத்து மடக்குகிறேன்.

காரில் வைத்துக்கொள்ளலாமா? சீட் பெல்ட் அறுக்க உதவுமா?

வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிக்கியில் வைத்தால் வைக்காததற்குச் சமம். விபத்தில் டிக்கி திறக்காது. உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற மாதிரி, மூடிய நிலையில், உருண்டு பெடலுக்கு அடியில் போகாத மாதிரி இருக்க வேண்டும்.

பெல்ட் நெருக்கமாக நெய்த பட்டை. குறுக்கே நேராக அறுத்தால் வழுக்கும். இறுக்கிப் பிடித்து, சாய்வாக, ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சீக்கிரம் விடும். முனையே இல்லாமல் கொக்கி மாதிரி வளைந்து, உள்ளே மட்டும் அலகு வைத்த பெல்ட் கட்டர்கள் கிடைக்கின்றன. காருக்கு என்றால் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். பதற்றத்தில் கை நடுங்கினாலும் உள்ளே இருக்கிறவரைக் குத்தாது. அதிலேயே கண்ணாடி உடைக்கிற முனையும் இருக்கும். பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள், சாதாரணமாகப் பொடிப்பொடியாக உதிரும். முன்கண்ணாடியில் அடித்துப் பிரயோசனம் இல்லை. நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழி விடாது.

என்ன மாதிரிக் கத்தி வாங்குவது?

மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட அலகு. கையால் பிரிக்கிற மடக்கு. மங்காத நிறத்தில் ஒரு பிடி. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். புல்லில் விழுந்தால் கண்ணில் படும், பார்க்கிறவருக்கும் கருவி என்று தெரியும். கருப்புப் பூச்சு, மண்டையோட்டுப் படம், பல் பல்லாகச் செதுக்கிய முதுகு இதெல்லாம் வேண்டாம். அவற்றால் ஒரு கயிறுகூட அதிகமாக அறுபடாது.

கத்தரி, ஸ்க்ரூடிரைவர், சின்ன ரம்பம் எல்லாம் சேர்ந்த சுவிஸ் வகைக் கத்தி பார்த்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்தில் இபாக் என்ற ஊரில் 1884இல் கார்ல் எல்செனர் என்பவர் ஒரு பட்டறை ஆரம்பித்தார். 1891இல் அந்த நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். இன்றைக்கு விக்டோரினாக்ஸ் என்று உலகம் முழுக்கத் தெரிகிற கம்பெனி அதுதான். அந்தப் பெயரின் முன்பாதி அவருடைய அம்மா விக்டோரியாவின் பெயரிலிருந்து வந்தது. இந்த வகையின் நல்ல விஷயம், திறந்து காட்டினால் கேட்கிறவருக்கு நீங்கள் விளக்கமே சொல்ல வேண்டியதில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானத்தில் கத்திக்குத் தடை வந்து அவர்கள் விற்பனை பெரிய அடி வாங்கியது. 2024இல், பல நாடுகளில் விதிகள் இறுகுவதால் அலகே இல்லாத பல்கருவி ஒன்றைத் தயாரிக்கப் பார்க்கிறோம் என்று அந்தக் கம்பெனித் தலைவர் சொன்னார். கத்திக்குப் பேர்போன கம்பெனிக்கே அந்த நிலைமை.

அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் நம் பட்டறைக்காரரிடம் சொல்லி அடித்து வாங்கலாம். லாரிப் பட்டை எஃகில் அடித்த சின்னக் கத்திகள் எனக்குத் தெரிந்து பதினைந்து வருடம் உழைத்திருக்கின்றன. மடக்காத கத்தி என்றால் தோல் உறை கட்டாயம்.

பூட்டு உள்ள மடக்குக்கத்தி நல்லது. அழுத்தி வெட்டும்போது அலகு திரும்பி விரலில் மடங்காது. பிரிட்டனில் படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அங்கே காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தி மட்டும்தான். இங்கே வாங்கினதை யோசிக்காமல் அங்கே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சுற்றாதீர்கள்.

பட்டன் அழுத்தினால் படாரென்று திறக்கிற கத்தி ஆன்லைனில் கிடைக்கிறதே?

வாங்காதீர்கள். டெல்லியில் 1980இலேயே பட்டன் கத்திகளுக்கென்று தனி அறிவிக்கை போட்டு, 7.62 சென்டிமீட்டர் அலகு என்ற சின்ன அளவில் கட்டுப்படுத்தினார்கள். ரயில் ஏறி அங்கே இறங்கினால் உங்கள் கத்தி ஆயுதச் சட்டக் கேஸுக்கு உரியதாகிவிடும். நம் ஊரிலும், படாரென்று திறக்கிற கத்தியை வேலைக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். எனக்கே நம்பக் கஷ்டம். குழாய் வெட்ட அவ்வளவு வேகம் எதற்கு?

பட்டறையில் பெயரும் போன் நம்பரும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுங்கள். 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகள் வேட்டை நடத்தியபோது, அரிவாள், கத்தி அடிக்கிற பட்டறைக்காரர்களை அழைத்து, வாங்குகிறவர் பெயர், முகவரி, காரணம் எழுதி வைக்கச் சொன்னார்கள். அதிலிருந்து வந்த பழக்கம். பாவம், பட்டறைக்காரர் மேல் கோபப்பட்டு என்ன பயன்? நாளைக்கு அந்த நோட்டில் "சொட்டுநீர் வேலை" என்று எழுதியிருப்பது உங்களுக்கும் ஒரு சாட்சிதான்.

வாகனச் சோதனையில் கத்தியைப் பார்த்துவிட்டால்?

பார்க்கிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். ஒருமுறை ராத்திரி பல்லடம் ரோட்டில் நிறுத்தினார்கள். கை இரண்டையும் ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு, "சார், பையில ஒரு சின்னக் கத்தி இருக்குதுங்க. சொட்டுநீர் வேலைக்குங்க. எடுத்துக் காட்டட்டுங்களா?" என்று கேட்டேன். "நீ எடுக்காதே" என்று சொல்லி அவரே பையைத் திறந்தார். ஜாயிண்டர் டப்பாவும் எண்டு கேப்பும்தான் முதலில் கையில் வந்தன. கத்தியைத் திறந்து பார்த்தார், மடித்து உள்ளே போட்டார், எந்த ஊர், யார் தோட்டத்தில் வேலை என்று கேட்டார். போகச் சொல்லிவிட்டார்.

எல்லா நாளும் அப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. வாங்கி வைத்துக்கொண்டாலும் வாக்குவாதம் வேண்டாம். சட்டப் பிரிவு எல்லாம் ரோட்டோரத்தில் பேசுகிற விஷயம் இல்லை. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பைப் பார்த்த ஊர் கோயமுத்தூர். அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சோதனை தொந்தரவாகத் தெரியலாம். அந்த வருடத்தை நேரில் பார்த்தவர்களுக்குப் பையைத் திறந்து காட்டுவது பெரிய விஷயமே இல்லை.

செய்யவே கூடாத இரண்டு. ஒன்று, பேசிக்கொண்டே பாக்கெட்டுக்குள் கை விடுவது. இன்னொன்று, "சேஃப்டிக்கு வெச்சிருக்கேன்" என்று சொல்வது. அந்த ஒரு வார்த்தை கருவியை ஆயுதமாக்கிவிடும்.

எங்கெல்லாம் எடுத்துப் போகவே கூடாது?

கோர்ட், காவல் நிலையம், கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்க்கிறார்கள், அதில் கத்தி கிடைத்தால் உங்கள் மனு அன்றைக்குப் போய்ச் சேராது. பள்ளி, கல்லூரி, பரீட்சை ஹால். ஓட்டுச்சாவடி, கட்சிக் கூட்டம், ஊர்வலம். ஆடிப் பதினெட்டுக்குத் தீரன் சின்னமலை நினைவாக ஓடாநிலைக்கோ சங்ககிரிக்கோ கூட்டத்தோடு போகிறவர்களும் சரி, பவானி கூடுதுறைக்குப் போகிறவர்களும் சரி, கத்தியை வண்டியில்கூட வைத்துக்கொள்ளாமல் போவது நல்லது. மெட்டல் டிடெக்டர் வைத்த கோயில்கள், மால், சினிமா தியேட்டர்.

கல்யாண மண்டபத்தையும் இதில் சேர்ப்பேன். தண்ணி போட்ட பங்காளி எவன் கையிலாவது அது போய்ச் சேரக்கூடும். மண்டபத்தில் வாழைக்கட்டு பிரிக்கச் சமையல்காரரிடமே கத்தி இருக்கும்.

விமானத்தில்?

கைப்பையில் கூடாது. இரண்டு அங்குலமானாலும் சுவிஸ் கத்தியானாலும் கூடாது. கவுண்ட்டரில் போடுகிற பெட்டிக்குள், மடக்கித் துணியில் சுற்றி வைத்தால் போகும். சீக்கியர்களின் கிர்பானுக்கு மட்டும் உள்நாட்டு விமானங்களில், அலகு 6 அங்குலம், மொத்தம் 9 அங்குலத்துக்குள் என்ற கணக்கில் அனுமதி இருக்கிறது. அது அவர்களுடைய சமய உரிமை, அரசியலமைப்பின் 25ஆவது பிரிவே அதைச் சொல்கிறது. நமக்கு அது பொருந்தாது.

என் முதல் கத்தி அப்படித்தான் போயிற்று. அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, கொடுத்தது. மாட்டுக்கொம்புப் பிடி, அதில் அவர் கட்டைவிரல் வைத்து வைத்து ஒரு குழியே விழுந்திருக்கும். சட்டைப் பையில் இருந்ததை மறந்து பெட்டியை அனுப்பிவிட்டு ஸ்கேனர் வரை போய்விட்டேன். திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வர ஆள் இல்லை, நேரமும் இல்லை. அந்தக் காவலர் மேல் ஒரு தப்பும் கிடையாது, அவர் வேலையை அவர் செய்தார். தட்டில் போட்டுவிட்டு நடந்தேன். இன்று வரைக்கும் அந்தக் குழி என் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால், விமானப் பயணத்துக்கு முதல் நாள் ராத்திரியே கத்தியை எடுத்துச் சாமி ரூமில் வைத்துவிடுங்கள். பாக்கெட்டை இரண்டு தடவை தடவிப் பாருங்கள்.

கத்தி கொண்டுபோக முடியாத இடத்தில் அவசரம் வந்தால்?

நகவெட்டி பார்சல் டேப்பை அறுக்கும். சாவி அட்டைப்பெட்டியைத் திறக்கும். நைலான் கயிற்றை இன்னொரு நைலான் துண்டால் ரம்பம் இழுக்கிற மாதிரி முன்னும் பின்னும் வேகமாக உரசினால் சூட்டில் உருகி அறுந்துவிடும். இது குழாய் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக் குழாயையும் அப்படி அறுக்கலாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிறு நூல் வெட்டுகிற டிரிம்மர் இருக்கிறதே, பிடித்து அழுத்துகிற சின்னக் கத்தரி, கேட்டால் எந்த டெய்லரும் கொடுப்பார். துப்பட்டாவை வெட்ட அது போதும்.

பெண்பிள்ளைகள் பாதுகாப்புக்குக் கைப்பையில் கத்தி வைத்துக்கொள்ளலாமா?

எனக்கும் மகள் இருக்கிறாள், கோயமுத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். அவளுக்குக் கத்தி கொடுத்தேன். ஹாஸ்டல் ரூமில் ஆப்பிள் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும். பாதுகாப்புக்கு என்று கொடுக்கவில்லை, அதை அவளிடமே உட்காரவைத்துச் சொன்னேன். கைப்பையின் அடியிலிருந்து தேடி எடுத்து, பிரித்து, பிடிப்பதற்குள் எதிராளி பக்கத்தில் வந்திருப்பான். அவன் பலசாலி என்றால் அது அவன் கைக்குப் போகும். உயிரைக் காத்துக்கொள்ளத் திருப்பித் தாக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதற்குத்தான். அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் கத்தியைவிடக் கால்கள் உதவும், சத்தம் உதவும், வெளிச்சமான கடை உதவும். அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181 இரண்டையும் போனில் ஒரே தொடுதலில் போகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். அவள் பேருந்து ஏறினால் எனக்கு மெசேஜ் வரும். அப்படித்தான் நாங்கள் சமாளிக்கிறோம்.

பாம்பு கடித்தால் கத்தியால் கீறி ரத்தத்தை வெளியேற்ற வேண்டுமாமே?

கூடவே கூடாது. பெரியவர்கள் பார்த்துப் பழகிய வைத்தியம் அது, அதனால்தான் இன்னும் சாகாமல் இருக்கிறது. கீறினால் விஷம் வெளியே வராது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது, நீங்கள் கீறிய இடத்திலிருந்து நிற்காமல் ஒழுகும். வாயால் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் அப்படியே. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசு, கயிறு இருந்தால் வீங்குவதற்கு முன் எடுத்துவிட்டு, 108ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறி மருந்து அங்கேதான். இடுப்பில் கட்டின கயிறோ இறுக்கமான வளையமோ வெட்ட வேண்டியிருந்தால் அதற்கு மட்டும் கத்தி.

அதே மாதிரி, உடம்பில் குத்தி நிற்கிற கம்பியைத் தோண்டாதீர்கள். மின்சாரம் பாய்கிற ஒயரைக் கத்தியால் வெட்டாதீர்கள். மோட்டார் ரூமில் ஒயரைச் சீவுவதற்கு முன் மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பாருங்கள். மூன்று பேஸ் லைனில் "கரண்ட் போயிருச்சு" என்ற நம்பிக்கையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பையனுக்கு எந்த வயதில் கொடுக்கலாம்?

வயதைவிடக் குணம் முக்கியம். எனக்கு ஒன்பது வயதில் அப்பாரு கொடுத்தார், அதுவும் தோட்டத்துக்குள் மட்டும். வேப்பங்குச்சி சீவிப் பல் விளக்கக் கற்றுக்கொடுத்தார். உன் பக்கம் சீவாதே, எதிரே ஆள் இருந்தால் சீவாதே, நடக்கும்போது மடக்கு. மூன்றே பாடம். பள்ளிக்கூடப் பைக்குள் மட்டும் ஒருபோதும் போகக் கூடாது. பென்சில் சீவ என்றாலும் கூடாது. விளையாட்டாக எடுத்துக் காட்டியதாகவே இருந்தாலும் பிள்ளையின் படிப்பு நின்றுபோகிற அளவுக்கு விஷயம் போய்விடும்.

கூர் எப்படிப் பராமரிப்பது?

மொண்ணைக் கத்திதான் கையை வெட்டும். அழுத்தி வெட்டுவோம், வழுக்கும். மாதம் ஒருமுறை சாணைக்கல்லில், தண்ணீர் விட்டு, அலகைக் கல்லோடு ஒட்டினாற்போல் கொஞ்சமாகத் தூக்கி, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தேய்த்தால் போதும். சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் கொடுத்தால் சின்னக் கத்தி சீக்கிரம் தேய்ந்துவிடும், சக்கரத்தில் சூடாகி எஃகின் பதமும் போய்விடும். கொடுவாளை அவரிடம் கொடுங்கள், மடக்குக்கத்தியை நீங்களே செய்யுங்கள். செய்தித்தாளின் ஓரத்தை இழுத்து அறுத்துப் பாருங்கள், கிழியாமல் அறுந்தால் சரி.

வாழைக்கறை, புளி, மாங்காய்ப் பால் பட்டால் அன்றைக்கே கழுவித் துடைக்க வேண்டும். பட்டறை எஃகு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், மடக்கு ஆணியிலும் ஒரு சொட்டு.

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் கீழே வைக்கச் சொல்கிறார்கள். உண்மையா?

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சண்டை வருமா என்று தெரியாது, விரல் வெட்டுப்படாது. மடக்கிக் கீழே வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும். ஊதியூர் ஆத்தா அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தபோதும் மடக்கத் தெரியாமல் மடக்கி, கட்டுத்தறித் திண்ணையில் வைத்துவிட்டு, "எடுத்துக்க சாமி" என்றுதான் சொன்னது.